தொணப்பியின் வாசல் பலகை

தொணப்பி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு லிஃப்டுக்குள். என் கொழுந்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் ஒரே தம்பி, அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று அவருடைய மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். அவளுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. ஏறின லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே எட்டுப் பேர்.

மற்றவர்கள் பட்டனை அமுக்கினார்கள், கதவைத் தட்டினார்கள், கடவுளைக் கூப்பிட்டார்கள். இவள் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டாள். "கயிறு எத்தனை இருக்கும்? ஒண்ணு அறுந்தா மிச்சம் தாங்குமா? உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி வேர்க்குது? நெஞ்சை ஏன் பிடிச்சுக்கிறீங்க? வலிக்குதா, பயமா?" கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பெரிய மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மேலே அண்ணாந்து கத்தினார்: "யோவ் மெக்கானிக்! லிஃப்டை அப்புறம் பார்க்கலாம், முதல்ல இந்தத் தொணப்பியைத் தூக்கி வெளிய போடுய்யா!"

மேலே கூரைப் பக்கத்திலிருந்து என் கொழுந்தனாரின் குரல் வந்தது. "சார், அது என் பொண்ணுதான். கேட்கிறதுக்குப் பதில் சொல்லிட்டே இருங்க சார், அழாம இருப்பா."

அன்றிலிருந்து அவள் தொணப்பி. பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த பெயர் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது.

நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில் இருந்தோம். நாங்கள் இரண்டாவது மாடி, அவர்கள் மூன்றாவது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டுகிறவர் தன் வீட்டுக்கு மூச்சு வாங்க ஐம்பத்தாறு படி ஏறுகிறார் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் தபால் பிரிக்கும் இடத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய் சும்மா இருக்காது. ஓரகத்தி, தொணப்பியின் அம்மா, ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள். அவளுடைய தையல் மெஷின் சத்தம் எங்கள் தலைக்கு மேலே காலையிலிருந்து ஓடும். அது நின்றால்தான் என்னவோ ஏதோ என்று நிமிர்ந்து பார்ப்போம்.

கொழுந்தனாருக்கு மகளை டாக்டராக்கிவிட வேண்டும். பள்ளி முடித்து எழுதின மருத்துவ நுழைவுப் பரீட்சையில் மதிப்பெண் போதவில்லை. அடுத்த வருடமும் எழுதினாள், அப்போதும் கொஞ்சத்தில் தவறிப்போனது. மூன்றாவது தடவை எழுது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில்தான் ஓரகத்திக்குப் பித்தப்பையில் கல் என்று மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவைக்கு முந்தின நாள், பச்சை உடுப்புப் போட்ட ஒருவர் வந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்போது வலித்தது, என்ன சாப்பிட்டபோது வலித்தது, தூக்கம் எப்படி, பழைய காகிதம் இருக்கிறதா என்று அரைமணி நேரம் நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பெரிய டாக்டர் வந்து, அவரிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, ஓரகத்தியிடம் மூன்றே கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

தொணப்பி பச்சை உடுப்புக்காரரை வராந்தாவில் மடக்கினாள். "நீங்க டாக்டரா?"

"இல்லம்மா. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட். டாக்டர் மேற்பார்வையில வேலை. நோயாளியைக் கேட்கிறது, பார்க்கிறது, எழுதுறது, அறுவையில கூட நிக்கிறது, அப்புறம் கட்டு, மருந்து எல்லாம் சரியாப் போகுதான்னு பார்க்கிறது."

"அப்ப நாள் பூரா கேள்வி கேட்கிறதுதான் வேலையா?"

அவர் சிரித்துவிட்டார். "பாதி வேலை அதான்."

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அந்தப் படிப்புத்தான் படிப்பேன் என்று நின்றாள். மூன்று வருடம் கல்லூரி, நான்காவது வருடம் மருத்துவமனையிலேயே பயிற்சி. கொழுந்தனார் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் முதலில் கேட்டது, "டாக்டர் பையைத் தூக்கிட்டுப் பின்னாடியே ஓடுற வேலையா?" என்றுதான். அதற்கு என் வீட்டுக்காரர், "பையை யாராவது தூக்கித்தானேடா ஆகணும், டாக்டருக்குத் தோள் வலி வந்துட்டா என்ன பண்றது" என்று சொல்லி நிலைமையை இன்னும் கெடுத்தார்.

அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் தொணப்பி பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். நர்ஸா என்றார்கள். இல்லை என்றாள். கம்பவுண்டரா என்றார்கள். அதுவும் இல்லை. அப்ப டாக்டர்தானே என்றார்கள். இல்லை என்றாள். எதுவும் இல்லாததற்கு எதற்கு நாலு வருஷப் படிப்பு என்று காய்கறிக்கடைக்காரர் கேட்டார். அவள் அப்பா மட்டும் யாருக்கும் விளக்கம் சொல்லவே இல்லை. யார் கேட்டாலும், "பொண்ணு டாக்டர்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்.

நான்காவது வருடம் அவள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போன முதல் வாரமே கொழுந்தனார் ஒரு பலகை செய்துகொண்டு வந்தார். லிஃப்டுக்கு மாடி எண் செய்து கொடுக்கிறவரிடம் சொல்லிச் செய்தது. கறுப்புத் தகடு, வெள்ளை எழுத்து. டாக்டர் என்று போட்டு, அதற்குப் பின்னால் அவளுடைய பெயர். வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

மாலையில் வந்தவள் பலகையைப் பார்த்தாள். உள்ளே போய்த் திருப்புளியை எடுத்து வந்து கழற்றி, அப்பாவின் கட்டிலில் வைத்தாள். மறுநாள் அது திரும்ப வாசலில் இருந்தது. திரும்பக் கழற்றினாள். மூன்றாவது தடவை அவர் வேறு மாதிரித் திருகாணி போட்டார். லிஃப்டுக்குள் இருக்கும் பலகையை யாரும் கழற்றிக்கொண்டு போகாமலிருக்க ஒருவழித் திருகாணி என்று ஒன்று உண்டாம். முடுக்க வரும், திருப்ப வராது. அதைக் கழற்றும் கருவி அவருடைய வேலைப் பையில் மட்டும்தான் இருந்தது.

"அப்பா, இது தப்பு. நான் டாக்டர்னு சொல்லிக்கிட்டேன்னு தெரிஞ்சா படிப்பே போயிடும்."

"நீ எங்க சொன்னே? நான்தானே சொன்னேன்."

அவள் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை நீளமாக வெட்டி, டாக்டர் என்ற எழுத்தின் மேல் ஒட்டினாள். இரண்டு நாளில் அது உரிந்து கிடந்தது. உரித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. பயிற்சி வேலை அவளை நெருக்கிக்கொண்டிருந்தது. காலை எட்டுக்குப் போனால் திரும்ப மூன்றரை, நான்கு. பலகையோடு மல்லுக்கட்ட அவளுக்கு நேரமில்லை. படிக்கட்டில் அவளைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வலி, மூக்கடைப்பு என்று காட்ட வந்தவர்களிடம், "நான் மருந்து எழுதக் கூடாதுங்க, டாக்டரைப் பாருங்க" என்பாள். அடக்கத்தைப் பார் என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போவார்கள்.

மருத்துவமனையில் அவள் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நோயாளியின் தாளில் முதல் வரியை அவர்கள் சொன்னது சொன்னபடியே எழுதுவாள். மருத்துவ வார்த்தையெல்லாம் அடுத்த வரியிலிருந்துதான். "நெஞ்சுக்குள்ள யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அதையே எழுதுவாள். அவசரப் பிரிவு டாக்டர் ஒருநாள், "என்னம்மா இது, தாள்ல கதை எழுதுறே" என்றாராம். "அவங்க சொன்னதை நான் மாத்திட்டா, நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டது உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?" என்று இவள் திருப்பிக் கேட்டாளாம். அதற்குப் பிறகு அவர் முதல் வரியைப் படிக்க ஆரம்பித்தார் என்று அவளே சொன்னாள்.

பயிற்சி முடிய நான்கு மாதம் இருந்தபோது என் வீட்டுக்காரருக்கு அது வந்தது.

காலை ஒன்பது மணி இருக்கும். மேல்வயிற்றில் எரிச்சல் என்றார். சூடு என்று நினைத்து மோர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இடது தாடை கடுக்கிறது, பல்வலி போலிருக்கிறது என்றார். சட்டை முதுகில் நனைந்திருந்தது. மருத்துவமனைக்குப் போவோம் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். "வீட்லயே டாக்டர் இருக்கிறப்ப வெளிய எவன்கிட்டயோ போய் வரிசையில நிக்கணுமா? தொணப்பி நாலு மணிக்கு வந்துடுவா. அவ பார்க்கட்டும்." என்னாலும் அதை மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை. தினமும் மாடிக்குப் போகும்போது அந்தப் பலகையை நானும்தான் பார்க்கிறேன். அதில் எழுதியிருப்பது பொய் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் காத்திருந்தோம்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"பெரியப்பா, எப்ப ஆரம்பிச்சது?"

"காலையில ஒம்பது."

"நடந்தா அதிகமாகுதா?"

"எங்க நடந்தேன், உட்கார்ந்தே இருக்கேன்."

"கையில பரவுதா? வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

"ரெண்டும்தான். என்னடி, லிஃப்ட்ல கேட்ட மாதிரியே கேட்கிறே."

ஐந்தாவது கேள்வி அவள் கேட்கவில்லை. மருத்துவமனைக்குப் போன் செய்து நாலு சொல்லில் சொன்னாள். பிறகு மேலே பார்த்து, "அப்பா, கீழ வாங்க, நாற்காலி எடுத்துட்டு வாங்க" என்று கூப்பிட்டாள். அன்றைக்கு அவருக்கு விடுமுறை. அவரும் கீழே கடையிலிருந்து ஓடிவந்த காய்கறிக்கடைக்காரரும் நாற்காலியோடு என் வீட்டுக்காரரைத் தூக்கி இறக்கினார்கள். இறங்குகிற வழியெல்லாம், "நம்ம கட்டடத்துக்கு ஒரு லிஃப்ட் போட்டிருக்கலாம்டா" என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். குரல்தான் அவர் குரலாக இல்லை.

அவசரப் பிரிவில் அன்று கூட்டம். சாலை விபத்தில் அடிபட்டவர்கள் ஐந்து பேர் ஒரே சமயத்தில் வந்திருந்தார்கள். இதயப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் தொணப்பியைப் பார்த்து, "உனக்குத் தெரிஞ்சவர்தானே, நோய் வரலாறு நீயே எழுது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்தத் தாளில் நெஞ்சுவலிக்காரர்களுக்கென்று ஒரு கட்டம் உண்டு. வலி ஆரம்பித்த நேரம், வந்து சேர்ந்த நேரம், தாமதத்துக்குக் காரணம். எவ்வளவு நேரம் ஆனது, ஏன் ஆனது என்பதை வைத்துத்தான் அடுத்து என்ன செய்வது என்று பார்ப்பார்களாம்.

"பெரியப்பா, ஏன் ஏழு மணி நேரம் வரலே?" என்று கேட்டாள்.

"வீட்ல டாக்டர் இருக்கா, அவ வரட்டும்னு இருந்தேன்."

அவள் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் முனையை வைத்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் இருந்தேன். வேறு யார் காதிலும் அது விழவில்லை. வீட்டில் வண்டி இல்லை, வயதான மனைவி மட்டும்தான் துணை, வாயு என்று நினைத்துவிட்டார் என்று எத்தனையோ எழுதலாம். அவர் சொன்னதை அப்படியே எழுதினாள். அதற்குக் கீழே, "இவர் டாக்டர் என்று சொல்வது என்னை. நான் டாக்டர் இல்லை, பயிற்சியில் உள்ள உதவியாளர். வீட்டு வாசலில் தவறான பலகை இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு இதயக் குழாயிலிருந்த அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இதயத்தின் ஒரு பக்கம் வேலையைக் குறைத்துக்கொண்டது என்றும், காலையிலேயே வந்திருந்தால் அது இவ்வளவு பழுதாகி இருக்காது என்றும் டாக்டர் சொன்னார்.

தாளில் அவள் எழுதினது கல்லூரி வரை போய், ஐந்தாம் நாள் அங்கிருந்து கடிதம் வந்தது. டாக்டர் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் வைத்தியம் பார்த்தாளா என்று விசாரணை. அது முடியும் வரை பயிற்சிக்கு வரக் கூடாது. குற்றம் என்று முடிவானால் சான்றிதழ் கிடையாது. நான்கு வருடப் படிப்பும் போகும். அப்பாவும் நேரில் வர வேண்டும் என்று எழுதியிருந்தது.

கொழுந்தனார் நேராக மருத்துவமனைக்கு வந்தார். அண்ணன் கட்டிலருகே குனிந்து, "அண்ணே, மயக்கத்துல ஏதோ உளறிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போதும்" என்றார்.

"சொல்லிட்டாப் போச்சு" என்றார் என் வீட்டுக்காரர். "ஆயுசு பூரா உளறிட்டுத்தானே இருக்கேன். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

தொணப்பி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். "நோயாளி தெளிவா இருந்தார், கேட்டதுக்கெல்லாம் சரியாப் பதில் சொன்னார்னு அதே தாள்ல எழுதியிருக்கேன்பா. இப்ப மயக்கம்னு சொன்னா நான் எழுதினது பொய்யாயிடும்."

"அப்ப எதுக்குடி எழுதினே? எழுதாம விட்டிருந்தா எவனுக்குத் தெரியும்?"

"நான் எழுதுற தாளை நம்பித்தான் டாக்டர் கை வைக்கிறாரு. இதை மாத்தி எழுதினா நாளைக்கு எதை மாத்தி எழுத மாட்டேன்?"

அவள் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சின்ன வயதில் கேட்கிற மாதிரியே கேட்க ஆரம்பித்தாள்.

"உங்க கட்டடத்துல லிஃப்டைச் சரி பண்றது யாரு?"

"நான்."

"ஓடலாம்னு கையெழுத்துப் போடுறது?"

"இன்ஸ்பெக்டர்."

"உங்களை யாராவது இன்ஸ்பெக்டர்னு சொன்னா?"

"எதுக்குச் சொல்லணும்? எட்டுப் பேர் நடுவுல தொங்குறப்ப அந்த ஆளுக்கு எந்தப் பக்கம் ஏறணும்னே தெரியாது. என் வேலை எனக்கு." படபடவென்று சொல்லிக்கொண்டு வந்தவர் அங்கே நிறுத்தினார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு டீ வாங்கி வருகிறேன் என்று போனவர் டீ இல்லாமல் திரும்பி வந்தார்.

விசாரணையன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். நீளமான ஒரு அறை, நீளமான ஒரு மேஜை, அதற்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அம்மாள். தாளைப் பார்த்துக்கொண்டே கொழுந்தனாரிடம் கேட்டார். "உங்க வீட்டு வாசல்ல டாக்டர்னு பலகை வெச்சது யாரு?"

"நான்தாங்க."

"உங்க பொண்ணு சொல்லியா?"

"இல்லீங்க. அது ரெண்டு தடவை கழட்டுச்சு. கழட்ட முடியாத திருகாணி போட்டு நான் மாட்டினேன். பிளாஸ்திரி ஒட்டுச்சு, அதையும் உரிச்சேன்."

"ஏன்?"

கொழுந்தனார் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். நான்கு வருடமாக யாரிடமும் சொல்லாததை அங்கே சொன்னார். "என் பொண்ணு டாக்டர் இல்லீங்க. டாக்டர் ஆகலையேன்னு எனக்கு வருத்தம். பலகையில எழுதினா ஆயிடும்னு நினைச்சுட்டேன். அதனால எங்க அண்ணன் ஏழு மணி நேரம் உட்கார்ந்துட்டாரு."

கண்காணிப்பாளர் அம்மாள் என்னைப் பார்த்து, அவள் யாருக்காவது மருந்து கொடுத்தாளா என்று கேட்டார். கேட்டவர்களையெல்லாம் டாக்டரிடம் அனுப்பினாள், அதனால்தான் படிக்கட்டில் அவளுக்கு அடக்கமான டாக்டர் என்று பெயர் என்று சொன்னேன். மூன்று பேரில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார்.

முடிவு அடுத்த வாரம் வந்தது. படிப்பு போகவில்லை. தவறு நடந்துகொண்டிருப்பது தெரிந்தும் கல்லூரிக்கு முன்னாலேயே தெரிவிக்காததற்காகப் பயிற்சியை இரண்டு மாதம் கூட்டியிருந்தார்கள். அதை அவசரப் பிரிவிலேயே செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. ஓரகத்தி அழுதாள். தொணப்பி, "சரியாத்தான் சொல்லியிருக்காங்க, பலகை மாட்டின அன்னிக்கே போய்ச் சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

கடிதம் வருவதற்கு முன்னாலேயே, விசாரணை முடிந்து வந்த அன்று, கொழுந்தனார் சட்டையைக்கூட மாற்றாமல் வேலைப் பையைத் திறந்து அந்தக் கருவியை எடுத்தார். இரண்டு திருகாணியும் சத்தமில்லாமல் வந்துவிட்டன. சுவரில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது. அதை அவர் அடைக்கவில்லை. அடைக்கச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு காய்கறிக்கடைக்காரர் ஒருநாள், "டாக்டரம்மா வந்தாச்சா?" என்று கேட்டபோது கொழுந்தனார் நின்று, தராசைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் விளக்கினார். நோயாளியைக் கேட்பது, பார்ப்பது, எழுதுவது, அறுவையில் கூட நிற்பது, கையெழுத்து மட்டும் டாக்டர் போடுவது. கடைக்காரருக்குப் புரிந்ததோ இல்லையோ, காயை நிறுத்துப் போட்டால் போதும் என்று ஆகிவிட்டது. "குடும்பமே தொணப்பிங்கதான்யா" என்றார்.

என் வீட்டுக்காரர் ஆறு வருடம் இருந்தார். மெதுவாகத்தான் நடப்பார், படி ஏறினால் பாதியில் உட்காருவார். அவருக்கு எப்போது மூச்சு வாங்கினாலும், எந்த நேரமானாலும் தான் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று தொணப்பி எங்களிடம் எழுதியே வாங்கிக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். கடைசித் தடவையும் அப்படித்தான் போனோம். அவள் வேலையில் இருந்தாள், நாங்களே வண்டி பிடித்துப் போனோம்.

இப்போது தொணப்பிக்கு முப்பத்தெட்டு வயது. இதய அறுவைப் பிரிவில் மூத்த ஃபிசிஷியன் அசிஸ்டென்டாக இருக்கிறாள். காலை ஏழரைக்குப் போய் ஐந்து மணிக்கு வருகிறாள். மூன்றாவது மாடியில் அதே வீட்டில்தான் இருக்கிறாள். வாசலில் பலகை எதுவும் இல்லை.